நான் கையெழுத்துப் போடாத மலைக்காணி

கிண்ணியா
ஒக்டோபர் 3

அன்பு மகன் முனீபுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தங்கச்சி ஷிஃபானாவும் அவளுடைய மாப்பிள்ளை ஸெய்னுதீனும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம், கனடாவில் நீயும் மருமகளும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்க உம்மாவுக்கு ஏன் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் வாய் திறந்தால் நீ ஓம் உம்மா, ஓம் உம்மா என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், இதை நீ முழுதும் வாசித்துத்தான் ஆக வேண்டும். தபாலை நம்பினால் மாரி வந்துவிடும், அதனால் ஷிஃபானா படம் பிடித்து அனுப்புவாள்.

உன் மலைக்காணியைப் பார்த்துவிட்டு வந்தோம். நீ கனடாக்காரனாகிவிட்டதால் உன் பெயரில் எழுத ஏலாது என்று என் பெயரில் எழுதச் சொன்னாய். கிண்ணியா வெக்கையில் உம்மா வேகிறா, வீட்டுக் கிணறும் உப்பாகிவிட்டது, மலையில் வீடு கட்டி அவவைக் குளிரில் வைக்கப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறாய். வெக்கையும் உண்மைதான் உப்பும் உண்மைதான், சித்திரையில் விரிப்பைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுத்தான் படுத்தேன். ஆனால் உம்மாவின் பெயரைச் சொல்லி நீ கட்டுவது கண்ணாடி முகப்பு வைத்த வெள்ளைக்காரர் விடுதி என்று உன் தரகர் நஸ்ரி வரைபடத்தை விரித்துக் காட்டினார். இதில் என் அறை எது தம்பி என்று கேட்டேன், மனிசன் தாளை அங்கும் இங்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இன்னும் தேடிக்கொண்டுதான் இருப்பார்.

அந்த ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை மலைக்கு வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து, சேற்றைக் கண்டால் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளித் தாண்டுகிறவர், மலை அசையவே அசையாது என்று எனக்குச் சத்தியம் பண்ணுகிறார். மண்சரிவு அபாயம் இல்லை என்று ஒரு கடதாசியும் கையில் இருந்தது, கையெழுத்து வைத்தவர் எப்போது வந்து பார்த்தார் என்றால் வரத் தேவையில்லையாம், படத்தில் பார்த்தாராம். நின்ற மரங்களையெல்லாம் தறித்து, மண் வெட்டுகிற பெக்கோ மெசினை விட்டுப் பாண் வெட்டுகிற மாதிரி மலையை நேராக வெட்டி வைத்திருக்கிறீர்கள்.

வெட்டிய சுவரில் தண்ணீர் கசிந்து வழிந்தது. அதைக் கண்டதும் ஸெய்னுதீன், அல்ஹம்துலில்லாஹ் மாமி, சுவருக்குள்ளால நல்ல தண்ணி வருது, கிணறு வெட்டவே தேவையில்ல என்று குதித்தார். நானும் சும்மா இருக்கவில்லை. உப்புக் கிணற்றில் முகம் கழுவுகிறவளுக்குப் புத்தி வேறெங்கே போகும், இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன், கொஞ்சம் சிவப்பு மண் கலந்திருந்ததைக்கூடப் பெரிதாக எடுக்கவில்லை, அதிலேயே வுழு எடுத்து நன்றிக்காக இரண்டு ரக்அத்தும் தொழுதேன். உன்னை ஏசுகிற வாயால் முதலில் என்னைத்தான் ஏச வேண்டும்.

காணிக்கு நேர் கீழே, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் இருக்கிற வள்ளியம்மா என்ற பொம்பிளை கொழுந்துக் கூடையோடு வந்து, நான் தொழுது ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை பொறுத்து நின்றா. பிறகுதான், அம்மா அது நல்ல தண்ணி இல்லீங்க, நாங்க புடிச்சுக் குடிக்கிற பீலித் தண்ணிங்க, பெக்கோ வெட்டுன பொறகு கீழ பீலி வத்திப்போச்சு, மேல சொவத்துல ஒழுகுது, தண்ணி இப்புடி வழி மாறினா மலை எறங்கப் போகுதுங்க என்று சொன்னா. கூட்டிக்கொண்டு போயும் காட்டினா. லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்துக் கிடக்கிறது, என் கை முழங்கைவரை உள்ளே போனது. கதவு நிலை சரிந்து பூட்ட ஏலாது. முந்தி மாதக்கணக்கில் தூறிக்கொண்டே இருக்குமாம், இப்போது மாதக்கணக்கில் காய்ந்து மண்ணெல்லாம் பிளந்து, பிறகு மூன்று மாதத்து மழை இரண்டு நாளில் கொட்டுகிறதாம். போன மழையில் பக்கத்து மலை இறங்கி அவவுடைய தங்கச்சியும் பிள்ளைகளும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். மிச்சப் பேரைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்து, பாடம் தொடங்க வேண்டும் என்று அதே லயத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பதினொரு குடும்பம், மகன்.

அந்த மழையின் வெள்ளத்தில் மகாவலி கொண்டுவந்து கொட்டிய சேற்றையும், வேரோடு வந்த தேயிலைச் செடிகளையும் நம்முடைய கரையில் நின்று படம் பிடித்து உனக்கு அனுப்பினோம். நீ அழுகிற முகம் ஒன்று போட்டாய். மலையக உறவுகளுக்காகப் பிரார்த்திப்போம் என்று மெழுகுதிரிப் படமும் போட்டாய், இருநூறு பேர் உன்னை நல்ல மனிசன் என்று பாராட்டினார்கள். அந்தக் கண்ணீர் காயும் முன்னே பெக்கோவுக்கு ஆள் பேசியவனும் நீதான். உன்னைப் பெற்றேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இதை நான் கோபத்தில் எழுதவில்லை, மூன்று நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

காணிப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். ஆனால் நஸ்ரி சொல்கிறார், நீங்க போடாட்டியும் வேல நிக்காது உம்மா, மகன் சொன்னாத்தான் நிக்கும் என்று. மாரிக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. அதற்குள் வேலை தெரிந்த ஆளைப் பிடித்து, வெட்டிய இடத்தைக் கட்டி மூடி, தண்ணீரைப் பழைய வழியில் விடு. விடாவிட்டால் மாரி முழுக்க நான் வள்ளியம்மாவோடு அந்த லயத்தில்தான் இருப்பேன் என்று அவவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பகிடி என்று நினைக்காதே, ஷிஃபானா அழுதுகொண்டே என் கம்பளியை வெயிலில் காயப்போட்டிருக்கிறாள்.

பேரனுக்கு இருமல் என்றாய், கருஞ்சீரகத்தை வறுத்துத் தேனில் குழைத்துக் கொடு. அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும், உனக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் வெட்கத்தையும் தருவானாக. நஸ்ரிக்கு இன்றைக்கே போன் எடு, மறந்துவிடாதே.

உன் உம்மா
பல்கீஸ்

மழை தொடங்கிய பிறகு என்னைத் தேடுவதானால் இந்த விலாசம்: நாலாம் இலக்க லயம், கடைசி அறை, உன் காணிக்கு நேர் கீழே.