மெத்தை உறைக்குள் இருந்தவை

கப்பலில் ஊர் சுற்றும் என் துரைக்கு,

மகள் தேறிவிட்டாள். "உன் காப்பிக்குக் கடல் தண்ணியே தேவலாம்மா" என்று வாயடிக்கிறாள். எனக்குத்தான் அசதி தீரவில்லை.

கரை மறையும் தூரத்தில் படகு கவிழ்ந்து, அவளும் தோழியும் காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் மிதந்தார்கள். "லைஃப் ஜாக்கெட்டை மறந்துட்டா போவே, கழுதை" என்று போனில் திட்டினீர்கள். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

அவள் மறக்கவில்லை. படகுப் பெட்டியில் இருக்கும் என்று நம்பிப் போனாள். என் இடுப்பு வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று இரண்டு ஜாக்கெட்டையும் எடுத்துத் தையல் நாற்காலியின் மெத்தை உறைக்குள் திணித்தது நான். திரும்பி வந்து அதைக் கண்டுபிடித்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை அழைக்கும்போது அவளைக் கொஞ்சுங்கள். திட்டை எனக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
வெறும் பலகையில் உட்கார்ந்து தைக்கும்
உங்கள் வீட்டுக்காரி