மடக்கு வண்டியில் பால் காய்ச்சினேன்

சாத்தான்குளம் இசக்கிச்செல்விக்கு, ஆஸ்திரேலியாவிலிருந்து உன் புருஷன் பேச்சிராஜா. நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். உன் முட்டுவலி தேவலையா?

வீட்டுக்காரன் என் அறையைக் காலி செய்யச் சொன்னான் என்றதும் நீ அழுதாயே, அந்தக் கவலை தீர்ந்தது. கூரையைத் தூக்கினால் கூடாரவீடாக விரிகிற பழைய இழுவை வண்டி ஒன்றை மலிவாக வாங்கினேன். கிழிந்த துணியை நானே தைத்தேன்; தூத்துக்குடித் தோணிக்குப் பாய் தைக்கிறவனே கையெடுத்துக் கும்பிடுவான். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, உள்ளே பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்து கருகிய புகையில் அலாரம் அலற, அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். "தீயெல்லாம் இல்லலே! புதுவீட்டுப் பாலு, வந்து குடிங்க" என்று தமிழிலேயே அதட்டினேன். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மறுநாள் கொட்டிய மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

ஜன்னலுக்குத்தான் திரை இல்லை. உன் சேலை ஒன்று அனுப்பு. புதுசு வேண்டாம், நீ உடுத்தியதே போதும். பண்ணை வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.