இலை முற்றும்வரை கத்தி இல்லை

மார்ச் 4, செவ்வாய்

கடும் வெயில். ஐந்தாம் காட்டு ரப்பர் மரங்களில் செம்புத் தளிர். பழைய இலை எல்லாம் தரையில். நடந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.

சுங்கை பட்டாணியில் எஸ்டேட்டில் ஆள் மேய்க்கும் மண்டோர்களுக்குத் தலைமைப் பயிற்சி. ஏர்கோன் குளிரில் மூக்கு ஒழுகல். உங்கள் முன்மாதிரி யார் என்று கேட்டார்கள். மற்றவர்கள் பெரிய பெரிய ஆட்களைச் சொன்னார்கள். நான், "ரப்பர் மரம்." ஒரே சிரிப்பு. "இலை கொட்டுறப்ப சும்மா நிக்கும். யார் திட்டினாலும் கவலைப்படாது" என்றேன். பயிற்சி கொடுத்த அம்மா கை தட்டினார். என் தலை பலூன்.

அதே பலூனோடு சாயங்காலம் மேனேஜர் முன்னால். முப்பது வயது, ஈப்போக்காரர்.

"மண்டோர், ஞாயித்துக்கிழமை பால்வெட்டு ஆரம்பிச்சிடலாமா?"

"போலே சார், போலே! முடியும், ஆரம்பிச்சிடலாம்."

வெளியே வந்து மோட்டார் சைக்கிளை முடுக்கும்போதுதான் தளிர் ஞாபகம் வந்தது.

மகள் கவிதா: "அப்பா, லீடர்னா தட்டு கழுவலாம்தானே லா?" கழுவினேன்.

மார்ச் 5, புதன்

காலைப் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, ஞாயிறு வெட்டு என்று சொன்னேன். வெட்டுக்காரர்களில் மூத்தவர் ராணி அக்கா முன்னால் வந்தார்.

"தம்பி, இலை இன்னும் பச்சப் புள்ள. இப்ப கீறினா பட்டை காஞ்சிடும். அப்புறம் எதை வெட்டுறது, உன் தலையையா?"

சரியான பேச்சு. அதனாலேயே கோபம். "நான்தான் இங்க லீடர்!" என்று கத்திவிட்டேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ.

பின்னாலிருந்து என் மச்சினன் செல்வம், அவனும் வெட்டுக்காரன்தான்: "லீடருக்கு ஒரு தே தாரேக் டீ நல்லா ஆத்திப் போடுங்க லா, சூடு தணியட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

பிரஷர் மாத்திரை போட மறதி.

மார்ச் 6, வியாழன்

மேனேஜர் கூப்பிட்டார். நேற்றைய சத்தம் காதுக்குப் போயிருக்கிறது.

"முடியலன்னா சொல்லுங்க. செல்வத்தை மண்டோரா போடலாம். கேட்டுட்டேன், யோசிக்கிறேன்னார்."

வேலை போனால் மண்டோர் வீடும் போகும். கவிதாவுக்கு இந்த வருடம் எஸ்பிஎம், பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை.

மனைவி மங்களத்திடம் சொன்னேன். "என் தம்பியா? அவன் அலாரத்துக்கே எழுந்திரிக்க மாட்டானே!" என்றாள். அடுப்பில் மிளகாய்ச் சம்பல் கருகியது.

மார்ச் 7, வெள்ளி

கெடாவில் வெள்ளிதான் வார லீவு. தனியாக ஐந்தாம் காடு. வருடா வருடம் இலை கொட்டும் சமயம் இங்கே வந்து நிற்பது பழக்கம். மனதிலுள்ளதும் கொஞ்சம் கொட்டட்டும் என்று. இன்றைக்குக் கொசுதான் வந்தது.

தளிரைத் தொட்டேன். ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. முற்ற இன்னும் நாளாகும்.

மரம் யாரையும் எதிர்த்து நிற்கவில்லை. இப்போது இல்லை, பிறகு வா என்கிறது. அவ்வளவுதான். எனக்கோ "போலே"யைத் தவிர வேறு வார்த்தை வாயில் வருவதில்லை. பயம்தான். பயிற்சியில் இதைச் சொல்லவில்லை.

செய்யலாம்: சருகு கூட்டுவது (தீ பயம்), பால் பிடிக்கும் மங்கு கழுவுவது, புல் வெட்டுவது. ஆட்கள் சும்மா இருக்க வேண்டாம்.

மார்ச் 8, சனி

செல்வம் சாப்பிட வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாம்பாரை மட்டும் புகழ்ந்துகொண்டே இருந்தான். நானும் கேட்கவில்லை. தூக்கம் சரியில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மேக மூட்டம். பெரட்டுக்கு மேனேஜரே வந்து நின்றார்.

"இன்னிக்கு வெட்டு இல்ல சார். இலை முத்தட்டும். அதுவரைக்கும் சருகு கூட்டுறோம், மங்கு கழுவுறோம். நான் போலேன்னு சொன்னது தப்பு."

மேனேஜர் திரும்பினார். "செல்வம், நீங்க என்ன சொல்றீங்க?"

செல்வம் தலையைச் சொறிந்தான். "மாமா வீட்டை நான் எடுத்துக்கிட்டா, எங்கக்கா எனக்குச் சோறு போட மாட்டா சார்." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக: "இலையும் முத்தல."

ராணி அக்காதான் முதலில் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. "மண்டோர், நாளைக்குக் காலையில ஆபீஸ் வாங்க" என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

சருகு கூட்டினோம். நானும் ஒரு விளக்குமாறு எடுத்தேன். முதுகு வலி.

சாமான் கட்டும் பெரிய பெட்டிகளை எங்கே வைத்தோம் என்று மங்களம் கேட்கிறாள். தெரியாது என்றேன். கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன.