கல்வெட்டில் இல்லாத படம்

அன்புள்ள அண்ணை,

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில், நீங்கள் கனடாவிலிருந்து அனுப்பிய அவரின் இயக்கச் சீருடைப் படத்தைப் போடவில்லை. குறை நினையாதேங்கோ. வெங்காயத் தோட்டத்தில் நிற்கும் படத்தைப் போட்டு, கீழே விவசாயி என்று மட்டும் எழுதினோம்.

சாம்பல் அள்ளும்போது, சண்டையில் பட்டு அப்பாவின் தொடைக்குள் இருந்த இரும்புத் துண்டு கிடைத்ததாம். சித்தப்பா அதைச் சால்வைக்குள் மறைத்துவைத்து, கீரிமலைக் கடலில் சாம்பலோடு விட்டார்.

மாதாமாதம் அப்பாவை விசாரிக்க வரும் சி.ஐ.டி.க்காரர் நேற்றும் வந்தார். கல்வெட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ஐயா நல்ல மனுசன். இனி உங்களைத்தான் பாக்க வருவன், தங்கச்சி. போன் நம்பரைச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

அவர் போனதும் அந்தச் சீருடைப் படத்தை என் போனிலிருந்து அழித்தேன். அப்பா சிரிக்கிற படம் வேறொன்றும் எங்களிடம் இல்லை. நீங்கள் அழித்துவிடாதேங்கோ.

தங்கச்சி