தங்கச்சிக்குக் கேட்காத சத்தம்

786

கொங்காவெல,
மாத்தளை.
12.10.1976

அன்பு மகன் நுஹ்மானுக்கு உம்மா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் தங்கச்சியும் அல்லாஹ்ட காவல்ல சுகமா இருக்கிறோம், அந்தச் சூட்டு நாட்டுல உங்கட உடம்பும் மனசும் அதே மாதிரி இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்கிறேன். நீங்க குவைத்துல இருந்து போட்ட கடிதமும் போட்டோவும் கிடைச்சது. போட்டோவுல மெலிஞ்சு போயிருக்கீங்க, அது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினதுன்னு வாப்பா சொல்றாங்க, எனக்கு அப்படித் தெரியல்ல. வேலை முடிஞ்சு வந்து கடையில வாங்கின வெறும் பாணைத் திண்டுட்டுப் படுக்க வேணாம் மகன், ஒரு பருப்பாவது ஆக்கிக்கொள்ளுங்க. இங்க மழை பிடிச்சிட்டது, ரிவர்ஸ்டன் பக்கம் காலையில மலையே தெரியல்ல, கடைக்கு வாங்கின பாக்கு காயாமக் கிடக்குதுன்னு வாப்பா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வானத்தைப் பார்க்கிறாங்க. அதைத் தவிர அவங்களுக்கு இப்ப ஒரு கவலையும் இல்ல. ஏன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன கடிதத்துல தங்கச்சியைக் கொழும்புக்குக் கொண்டு போறோம்னு ஒரு வரிதான் எழுதினேன், முடிவு தெரியாம எழுதி உங்களையும் தவிக்க வைக்க விருப்பமில்ல. நீங்க போற நேரம் ஹிதாயாவுக்கு மூணு வயசு, உம்மாங்கிறதையும் ஆப்பாங்கிறதையும் விட்டா வேற பேச்சு இல்ல. அஞ்சு வயசாகியும் அதே கதைதான். உங்கட மாமி, வாப்பாவும் சின்னதுல பேசப் பிந்தினவங்கதான், தானா வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாக்குக்கு அடியில கட்டு இருக்குது, வெட்டணும்னு ஒரு ஆள் சொன்னாரு. இங்க ஒரு டொக்டர் அவளுக்குப் பின்னால நின்னு பலமாக் கையைத் தட்டினாரு, அவ திரும்பினா, காதுல பிழையில்லன்னு எழுதித் தந்தாரு. அந்தத் துண்டோட கண்டியில பெரிய டொக்டர் ஒருத்தர்கிட்டப் போனோம். காது நல்லம்னா பிறகு புத்திதான் வளரல்லன்னு அவர் சொன்னாரு, இப்படியான புள்ளைகளை வைச்சுப் பார்க்கிற இடம் இருக்குது, யோசிச்சுப் பாருங்கன்னாரு. கெட்ட மனுசன் இல்ல, மெதுவாத்தான் சொன்னாரு. நான் தங்கச்சியைத் தூக்கிக்கிட்டு வெளியால வந்தேன். வரும்போது பஸ்ஸுல அக்குறணை தாண்டின பிறகு வாப்பா, தான் விளையாட்டுக்கு ஒளிச்சு வைக்கிற சாவியை வீட்டுல வேற யாரு கண்டுபிடிக்கிறது, இவ ஒருத்திதானே, புத்தி இல்லாத புள்ள அப்படிச் செய்யுமான்னு என்னைக் கேட்டாங்க. அவ வாப்பாட மடியில நித்திரை. வேற இடத்துக்கு அவளை அனுப்புற பேச்சை இனி யாரும் நம்மட வீட்டுல பேசக் கூடாதுன்னாங்க. நான் முந்தானையால முகத்தை மூடிக்கிட்டேன்.

அதுக்குப் பிறகு ஒரு நாள் பின்னேரம் தங்கச்சி றோட்டோரத்துல குந்தி கல்லுப் பொறுக்கிக்கிட்டு இருந்தா. நம்மட பாண்காரர் முத்தலிப் பள்ளத்தால சைக்கிள்ல வந்தாரு. பெல்லை அடிச்சுக்கிட்டே வந்தாரு, எனக்குக் குசினிக்கே கேட்டது. அவ எழும்பி நேரா சைக்கிளுக்குக் குறுக்கால நடந்தா. முத்தலிப் வெட்டித் திருப்பி, அவரும் பாணும் தண்ணி ஓடுற கானுக்குள்ள. நான் ஓடிப் போய்ப் பார்த்தா அவர்ட முழங்கால்ல ரத்தம், ஆனா அவருக்குக் கோவத்தை விட ஆச்சரியம்தான். இவ்வளவு அடிச்சேன் ராத்தா, புள்ளைக்குக் காது கேக்காதான்னு கேட்டாரு. கேக்கும்னு நான் சொன்னேன். லொறி வந்தா எனக்கு முந்தி அவதான் ஒதுங்குவா, மாரியம்மன் தேர் வார நேரம் மேளம் கேட்டு ஜன்னலுக்கு ஓடுவா. சொல்லி முடிக்க முந்தியே எனக்கே சந்தேகம் வந்திட்டது. லொறிக்கு ஒதுங்குற புள்ள பெல்லுக்கு ஏன் ஒதுங்கல்ல.

வாப்பா கடையால வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். தேத்தண்ணியைக் கூடக் குடிக்காம எழும்பினாங்க. தங்கச்சி சுவர்ப் பக்கம் திரும்பி இருந்து சிலேட்டுல கீறிக்கிட்டு இருந்தா. வாப்பா பின்னால போய் வெறும் பிஸ்கட் டின்னைக் கையால குத்தினாங்க, திரும்பிப் பார்த்துச் சிரிச்சா. கொஞ்சம் விட்டுக் கிளாஸுல கரண்டியால தட்டினாங்க, திரும்பல்ல. சைக்கிள் பெல்லை அடிச்சாங்க, திரும்பல்ல. அவங்கட தடிச்ச குரல்ல ஹிதாயான்னு கூப்பிட்டாங்க, திரும்பினா. பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னாங்க. நான் கூப்பிட்டேன். அவ கீறிக்கிட்டே இருந்தா. திரும்பவும் கூப்பிட்டேன். என்ட குரல் உங்களுக்குத் தெரியும்தானே, சின்னக் குரல். குசினியில இருந்து நான் கூப்பிட்டு வராம இருந்த நேரமெல்லாம் பிடிவாதக்காரின்னு பேர் வைச்சிருந்தோம், அவளுக்கு நான் கூப்பிட்டதே தெரியாது மகன்.

கொழும்புல காது பார்க்கிற டொக்டர் ஒரு சிங்களப் பொம்புள. வாப்பா பெல், டின், கரண்டி எல்லாத்தையும் சிங்களத்துல சொல்லச் சொல்ல, அவங்க பேனையைக் கீழ வைச்சிட்டுக் கேட்டாங்க. பிறகு தங்கச்சிட காதுல ரெண்டு மூடியை மாட்டி, சத்தம் கேக்கும்போது ஒரு பாசிமணியை எடுத்துக் கோப்பையில போடணும்னு செய்து காட்டினாங்க, வாயால சொல்லாமலே அவ உடனே பிடிச்சிட்டா. தடிச்ச சத்தம் வரைக்கும் டக்டக்குன்னு போட்டா. மெஷின்ல சத்தம் கீச்சுன்னு மெல்லிசாகிப் போகப் போக கை மணியோட அப்படியே நின்னுட்டது. டொக்டர்ட முகத்தைப் பார்த்துக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தா, தான் ஏதும் பிழை செய்திட்டேனோன்னு. எனக்குத் தாங்க ஏலாமப் போயிட்டது.

டொக்டர் எங்க ரெண்டு பேரையும் இருத்தி விளங்கப்படுத்தினாங்க. தடிச்ச சத்தம் கேக்குது, பெல் மாதிரிக் கீச்சுன்னு வார மெல்லிய சத்தம் எவ்வளவு பலமா இருந்தாலும் கேக்கல்ல. நாம பேசுறதுல சானா, சீனா, தானா மாதிரி எழுத்தெல்லாம் மெல்லிசு, அதெல்லாம் அவட காதுக்குள்ள போறதே இல்ல, பாதிச் சொல்லைக் கேட்ட புள்ள முழுச் சொல்லை எப்படிச் சொல்லும்னாங்க. புத்தியில ஒரு குறையும் இல்ல, முகத்தைப் பார்த்தே இவ்வளவு காலம் சமாளிச்சிருக்கிறா, கெட்டிக்காரின்னாங்க. நான் வயித்துல வைச்சிருந்த காலத்துல ஏதும் பிழை செய்தேனான்னு கேட்டேன். பிறந்த உடனே வந்த மஞ்சள் காமாலையா இருக்கலாம், சரியாச் சொல்ல ஏலாது, ஆனா உங்கட பிழை இல்லன்னு என்ட கையைத் தொட்டுச் சொன்னாங்க. காது முழுசாத் திரும்பி வராதாம். காதுக்கு மாட்டுற மெஷினும் பழக்கமும் இருந்தா பேசுவா, படிப்பான்னாங்க. வாசலுக்கு வந்து வாப்பா தொப்பியைக் கழட்டி முகத்தைத் துடைச்சாங்க, வேர்வைன்னு சொன்னாங்க.

அந்த மெஷின் சிகரட் பெட்டி அளவு, நெஞ்சுல தொங்கும், அதுல இருந்து ஒரு வயர் காதுக்குப் போகுது. நான் சட்டைக்கெல்லாம் உள்பை தைச்சுக் கொடுத்தேன். முதல்ல பிடுங்கி எறிஞ்சா, அழுதா, நானும் அவளோட சேர்ந்து அழுதேன். பிறகு ஒரு நாள் நான் கறிக்குக் கடுகு தாளிக்க, பின்னால வந்து நின்னு தாச்சியைப் பார்க்கிறா, என்னைப் பார்க்கிறா. கடுகு வெடிக்கிற சத்தத்தை அண்டைக்குத்தான் முதல்ல கேட்டிருக்கிறா. திரும்பவும் போடச் சொல்லிக் கையைக் காட்டினா. கறிக்குத் தேவையில்லாத கடுகெல்லாம் போட்டுப் பொரிச்சுக் காட்டினேன். அதுக்குப் பிறகு மெஷினைக் கழட்டச் சொன்னாலும் கழட்ட மாட்டா. இப்ப அவட கையை என்ட தொண்டையில வைச்சு, முகத்தைப் பார்க்க வைச்சு ஒவ்வொரு சொல்லாச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆப்பா போய் வாப்பா வந்திட்டது. முந்தி ஈனின்னு கேட்டவ இப்ப சீனின்னு பல்லைக் காட்டிச் சொல்றா. கூப்பன் சீனி எவ்வளவு கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியும்தானே, ஆனா அவ அந்தச் சொல்லைச் சொன்ன ஒவ்வொரு முறையும் வாப்பா தன்ட பங்கை அவட கையில கொட்டிட்டு வெறும் தேத்தண்ணி குடிக்கிறாங்க.

மாமிக்கு மட்டும் மனசில்ல. பொம்புளப் புள்ளைக்கு வயரை மாட்டி வைச்சா நாளைக்கு யாரு கட்டுவான்னு கேட்டாங்க. உன்ட மருமகன் கண்ணாடி போட்டிருக்கிறாரே, அதைக் கழட்டச் சொல்லியா கட்டிக் கொடுத்தாய்ன்னு வாப்பா சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க, மாமியும் சிரிச்சிட்டாங்க. கண்டி டொக்டர்கிட்டயும் வாப்பா போய்ச் சொல்லிட்டு வந்தாங்க, சண்டைக்கு இல்ல, இனி வார புள்ளைகளுக்காக. அவர் எல்லாத்தையும் கேட்டு, கொழும்பு டொக்டர்ட விலாசத்தை எழுதி எடுத்தாராம். பேசாத புள்ளையை எடுக்க ஏலாதுன்னு சொன்ன பள்ளிக்கூடத்துலயும் வார ஜனவரிக்கு எடுக்கிறாங்க. சவரியம்மா டீச்சர்ட வகுப்பு. முன் வாங்குல இருத்துறேன், போர்டைப் பார்த்துக்கிட்டு ஒரு சொல்லும் பேச மாட்டேன், புள்ளைகளைப் பார்த்துத்தான் பேசுவேன்னு அவங்களே சொன்னாங்க.

மெஷினுக்குப் போடுற பெட்டரி இங்க சில நேரம் கிடைக்குது, சில நேரம் இல்ல. முடிஞ்ச ஒண்ணை இந்தக் கடிதத்தோட ஒட்டி வைச்சிருக்கிறேன், அங்க இதே மாதிரி கிடைச்சா, நாட்டுக்கு வார ஆள்கிட்டக் கொடுத்து அனுப்புங்க, மறந்திட வேணாம். தொழுகையை விடாதீங்க, வெயில்ல தலையை மூடிக்கொள்ளுங்க, கூட இருக்கிற ஆக்களோட கோவிக்காம இருங்க. அல்லாஹ் உங்கட கைக்குப் பறக்கத்தையும் உடம்புக்கு ஆரோக்கியத்தையும் தரட்டும், எந்தக் குறையும் இல்லாம எங்கட கண்ணுக்கு முன்னால கொண்டு வந்து சேர்க்கட்டும். இன்ஷா அல்லாஹ் லீவுல வார நேரம் ஒண்ணை மட்டும் நினைவுல வைச்சுக்கொள்ளுங்க மகன். வாசல்ல நின்னு தங்கச்சியைக் கூப்பிட வேணாம். உள்ளுக்கு வந்து, அவட முகத்துக்கு முன்னால குந்தி, ஹிதாயான்னு மெதுவாச் சொல்லுங்க.

வஸ்ஸலாம்.

உங்களுக்காகத் துஆ செய்யும் உம்மா,
நூருன்னிஸா அப்துல் ஸமத்