கால்வாய்க் கரையில் நான் சொன்னது

அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்தது நீதானா? பதினேழு வருடங்களாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. விடை எனக்குத் தெரியாது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். கேட்டிருக்க வேண்டிய ஆள் நீ. நீ இப்போது இல்லை.

நேற்று மாலை உன் பெரிய மகனிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. கறுப்புக் கரை போட்ட காரியப் பத்திரிகை. நாளை காலை கீழ்பென்னாத்தூரில் உனக்குப் பதினாறாம் நாள். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, இவனுக்கு என் எண் எப்படிக் கிடைத்தது என்ற சந்தேகம்தான். பிறகு உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோளுக்கு அருகே ஒரு பச்சைத் துணியின் முனை தெரிகிறது. அது என் சால்வை. நாம் இருவரும் சேர்ந்து நின்ற படத்திலிருந்து என்னை வெட்டி எடுத்திருக்கிறார்கள். எத்தனையோ படங்கள் இருந்திருக்கும், ஏன் இதை எடுத்தார்கள் என்றும் யோசித்தேன். என் புத்தி அப்படி. உனக்குத் தெரியாததா?

"படிச்சவளுக்கு சந்தேகம் ஜாஸ்தி, தூக்கம் கம்மி" என்று நீ என்னைச் சொல்வாய். இரண்டுமே உண்மை.

நெதர்லாந்தில் நாம் முதலில் பார்த்துக்கொண்டது சுரிநாம்காரர் ஒருவரின் காய்கறிக் கடையில். நான் ஐந்து மாதக் கர்ப்பம். பச்சை மாங்காய் ஒன்றைக் கையில் எடுத்து, வாங்கலாமா வேண்டாமா என்று நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அது நாரா இருக்கும், வுடு. இந்தப் பக்கம் இருக்கறத எடு." திரும்பினேன். "எந்த ஊரு?" என்றாய். திருவண்ணாமலை என்றேன். "அய்யே! நான் கீழ்பென்னாத்தூரு!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய். ஊர்ப் பெயரைச் சொல்லி நெருங்கி வருபவர்களிடம் நான் எப்போதும் கொஞ்சம் தள்ளியே நிற்பவள். அன்றும் தள்ளித்தான் நின்றேன். நீ அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் ரசத்தோடு வந்து நின்றாய். என் முகவரியை யார் கொடுத்தது என்று கேட்டேன். "உன் வூட்டுக்காரரும் என் வூட்டுக்காரரும் ஒரே ஆபீசு. இதுக்கு சிபிஐயா வரணும்?" என்றாய்.

அந்த ஊரில் பிரசவம் வீட்டிலேயே நடக்கலாம் என்று மருத்துவச்சி சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "எங்கம்மா என்ன அப்படித்தான் பெத்தாங்க. அதுக்கு கீழ்பென்னாத்தூரே போதுமே, எதுக்கு ஏரோப்ளேன் ஏறி வந்தே?" என் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் அம்மாவால் வர இயலவில்லை. அந்த இடத்தில் யாரும் கேட்காமலேயே நீ வந்து நின்றாய். உனக்கு ஆறு வயதிலும் நான்கு வயதிலும் பையன்கள். அவர்களைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு வருவாய்.

செப்டம்பரில் மகள் பிறந்தாள், மருத்துவமனையில்தான். வீட்டுக்கு வந்ததும் அந்நாட்டு வழக்கப்படி ஒரு செவிலி எட்டு நாள் காலையிலிருந்து மாலை வரை வந்தாள். காற்று வேண்டும் என்று ஜன்னலைத் திறப்பாள். குளிர் ஏறும் என்று நீ மூடுவாய். அவளுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு டச்சு அரைகுறை. ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தபடியே இருவரும் அந்த ஜன்னலை ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்து மூடினீர்கள். படுத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்குமே என்மேல் நம்பிக்கை இல்லை என்று தோன்றியது.

எட்டாம் நாள் அவள் போன பிறகு நீ ஒரு சாம்பல் நிறக் கல்லைக் கொண்டுவந்தாய். வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய், மாசிக்காய். ஒவ்வொன்றையும் தாய்ப்பால் விட்டு அந்தக் கல்லில் இரண்டு இழை உரைத்து, சொட்டு அளவு நாக்கில் தடவுவாய். நான் வேதியியல் படித்தவள். வசம்பில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்து, வேண்டாம் என்றேன். நீ கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாய். இரண்டு நாள் குழந்தை விடாமல் அழுதது. மூன்றாம் நாள் நானே கல்லை எடுத்து உன்னிடம் நீட்டினேன். இது என் கணவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும்தான். என் சந்தேகம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் வேர் பிடித்தது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குழந்தைக்கு ஏழு வாரம். நவம்பர். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. நாம் தள்ளுவண்டியோடு கால்வாய் ஓரம் நடந்துகொண்டிருந்தோம். நான் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. குழந்தையைப் பார்த்தால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அன்புமில்லை, எரிச்சலுமில்லை. தண்ணீரைப் பார்த்து நின்றேன். "இவள இங்கயே விட்டுட்டு நான் அதுல இறங்கிட்டா என்ன ஆகும்?" என்றேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

நீ எப்போதும் எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்று என் கையை வண்டியின் பிடியிலிருந்து எடுத்துவிட்டு நீயே தள்ளத் தொடங்கினாய். உன் இன்னொரு கை என் மேல்சட்டையின் முதுகைக் கொத்தாகப் பற்றியிருந்தது. வீட்டு வாசல் வரைக்கும் விடவில்லை.

நான்காம் நாள் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். யாரோ தொலைபேசியில் பேசி, அந்த வீட்டைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். யார் என்று சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. நான் கேட்காமலேயே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். எங்கள் வீட்டு வழக்கத்தை இவர்களுக்கு யார் சொன்னது என்று அதுவே எனக்கு உறுத்தியது. தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா, கூட யாராவது இருக்கிறார்களா, நடக்கப் போனால் எந்தப் பக்கம் போவீர்கள் என்று கேட்டார்கள். கடைசியாக மூத்தவள் சொன்னாள்: "மருந்து உரைக்கும் கல் ஒன்று இருக்கிறதாமே, பார்க்கலாமா?"

அந்த நிமிடத்திலிருந்து மற்றக் கேள்விகளெல்லாம் எனக்கு மறைந்துபோயின. கல் மட்டும்தான் மிச்சமிருந்தது. கல்லைப் பற்றிச் சொல்ல உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும்.

குழந்தையை எடுத்துப் போய்விடுவார்களோ என்று இரண்டு மாதம் பயந்தேன். எடுக்கவில்லை. மருத்துவரிடம் அனுப்பினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள், நான் தூங்கினேன். கோப்பு மூடப்பட்டுவிட்டதாகக் கடிதம் வந்தபோது குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. எனக்கும் அதைப் பார்த்தால் ஏதோ தோன்றத் தொடங்கியிருந்தது.

அதற்குள் உன்னை நான் வெளியே நிறுத்திவிட்டேன். ஒரு நாள் நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாய்.

"இன்னாமே, கதவத் தொறக்க மாட்டேன்றே?"

"குழந்தை தூங்குது."

"அழற சத்தம் கேக்குதே."

நான் குழந்தையை இடது தோளுக்கு மாற்றினேன்.

"சரி, கொழம்பு வெச்சிருக்கேன். டப்பாவ அப்புறமா குடு."

டப்பாவை உன் கணவரிடம் கொடுக்கச் சொல்லி என் கணவரிடம் அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினேன். காரணம் எதையும் உனக்குச் சொல்லவில்லை. கேட்டால் மறுப்பாய், மறுத்தால் நான் நம்பமாட்டேன், எதற்குக் கேட்பது என்று நினைத்தேன். அடுத்த வருடம் வேறு நகரத்துக்கு மாறினோம். மகளுக்கு ஐந்து வயதானபோது ஊர் திரும்பினோம். திருவண்ணாமலையை ஒட்டி வேங்கிக்காலில் வீடு, எனக்குக் கல்லூரியில் வேலை. ஆறு வருடத்துக்கு முன் நீயும் திரும்பிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். இடையில் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. நான் வரவில்லை. நீயும் வரவில்லை. குற்றம் செய்தவள் எப்படி வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் செங்கம் சாலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தேன். வயது முப்பது இருக்கும். மூன்று மாதக் குழந்தையை மார்போடு துணியில் கட்டியிருந்தாள். பூ விற்கும் அம்மா ஒருத்தி அவள் வழியை மறித்து, "தலைக்கு ஒரு குல்லா போடக் கூடாதா? காத்து இன்னா அடி அடிக்குது!" என்று அதட்டியபடி குழந்தையின் உச்சந்தலையைக் கையால் பொத்தினாள். அந்தப் பெண் ஓரடி பின்னால் போய், குழந்தையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நான் அருகில் இருந்ததால், "இவர் என்மேல் கோபமாக இருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, குழந்தைக்குக் குளிரும் என்கிறார் என்றேன். அவள் நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று என்னையும் சேர்த்தே சந்தேகமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, அந்த இரண்டு அலுவலர்கள் கேட்டதை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஐந்து கேள்விகளில் நான்கு என்னைப் பற்றியவை. கல்லைப் பற்றி ஒன்றே ஒன்றுதான். நடக்கப் போனால் எந்தப் பக்கம் போவீர்கள் என்று எதற்குக் கேட்டார்கள்? நீ பேசியது கல்லைக் காட்டிக்கொடுக்க அல்ல, தண்ணீருக்குப் பயந்துதானோ என்று அன்று முதன்முறையாகத் தோன்றியது. நேற்று நீ இறந்த செய்தி வந்ததிலிருந்து அந்த எண்ணம் இன்னும் பலமாகிவிட்டது. அதனாலேயே அதன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. இறந்தவர்களை நல்லவர்களாக்குவது சுலபம். உயிரோடு இருந்தபோது உன்னைச் சந்தேகிக்கத் துணிந்தவளுக்கு, இப்போது உன்னை மன்னிக்கவும் பெரிய துணிச்சல் தேவையில்லை.

உன்னிடமிருந்து என்னிடம் தங்கியவை கொஞ்சம்தான். வெந்நீரின் சூட்டை விரலால் பார்க்காமல் முழங்கையால் பார்ப்பது. அழுகிற குழந்தையை இடது தோளுக்கு மாற்றுவது. யாராவது கேட்காமல் உதவ வந்தால், இவர் யாரிடம் போய் என்ன சொல்வாரோ என்று நினைப்பது. கடைசியானதை நீ தந்தாயா, நானே எடுத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை.

நாளை வருகிறேன். எதுவும் கேட்கமாட்டேன். துக்க வீட்டில் விசாரணை நடத்தும் அளவுக்கு நான் இன்னும் போய்விடவில்லை.

*

மறுநாள் நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

பத்தரை மணிக்கு உன் வீட்டுக்குப் போனேன். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். உன் கணவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் வா என்று சொல்வதில்லை. அவர் தலையை மட்டும் அசைத்துப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்க நம்பர் அவ போன்ல இருந்துச்சி. யார்கிட்டயோ வாங்கி வெச்சிருந்தா. பையன்தான் பாத்து அனுப்பினான்" என்றார். பிறகு அவரே கேட்டார்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? ஏம்மா பேசறத நிறுத்திட்டீங்க?"

கேட்கமாட்டேன் என்று வந்தவளிடம் அவர் கேட்டுவிட்டார். பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "எங்க வீட்டுக்கு ஆபீசர்ங்க வந்தாங்க இல்லையா? உங்க வீட்டம்மாதான் போன் பண்ணியிருப்பாங்கனு நெனச்சேன்" என்றேன்.

"அவதான் பண்ணா" என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. "நான்தான் நம்பர் தேடிக் குடுத்தேன். கால்வாய்ல இருந்து வந்தவ ரெண்டு நாளா சாப்பிடல. 'அவ வெளையாட்டுக்குச் சொல்லலங்க'ன்னா. வேணாம்டி, புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவானுங்கன்னேன். 'நான் கேட்டா ஒண்ணுமில்லம்பா. கவர்மென்ட்டு கேட்டாத்தான் ஒத்துக்குவா, படிச்சவ'ன்னுட்டா."

"கல்லு?"

"புள்ளைக்கு இன்னா குடுக்கறாங்கன்னு போன்லயே கேட்டாங்க. 'நான்தான் உரைச்சிக் குடுத்தேன், அவ மேல தப்பு இல்ல'ன்னு சொன்னா. அது உங்க பக்கம் திரும்பும்னு அவளுக்கு வெளங்கல."

அவர் நினைவு பிசகியிருக்கலாம், மனைவியைப் பற்றி நல்லதாகச் சொல்ல விரும்பியிருக்கலாம் என்று அங்கே உட்கார்ந்தபடியே யோசித்தேன். ஆனால் கால்வாயைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அது உன் வழியாகத்தான் அவரிடம் வந்திருக்க முடியும்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்வாங்களா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சி, அதான் கோவம்னு நெனச்சா. ஊருக்கு வந்தப்பறம் போய்ப் பாக்கலாம்டின்னு நானும் சொன்னேன். 'வேணாங்க, என்னப் பாத்தா அவளுக்கு அந்தத் தண்ணிதான் ஞாபகம் வரும். கோவமாவே இருக்கட்டும், உசுரோட இருக்கா இல்ல'ம்பா."

பந்தியில் உட்கார வைத்தார்கள். இலையில் வைத்ததைச் சாப்பிட்டேன். கை கழுவி வந்து உன் படத்தின் முன்னால் நின்றேன். பச்சைச் சால்வையின் முனையை மாலை மறைத்திருந்தது.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. உன் கணவரிடம் போனேன். "போயிட்டு வரேங்க" என்றேன். பக்கத்திலிருந்த ஓர் அம்மா பதறிப்போய், "அப்படிச் சொல்லக் கூடாதும்மா, பேசாமப் போகணும்" என்றார்.

"தெரியுங்க" என்றேன்.