முதலாளி வீட்டுக் காகிதப்பூ வேலி

சிவகாசி,
கார்த்திகை 12.

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, இந்த மழைக்கும் ஒழுகாத கூரைக்குக் கீழே நல்லபடியாக இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அப்பா எதற்குத் தாள் வாங்கி எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். நான் போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், ஒரு காது கேட்காததால் ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறாள், அப்புறம் தெருவே கேட்கிறது. நான் எழுதப் போவதில் முக்கால்வாசி அவளுக்குத் தெரியும், மீதி தெரியக் கூடாது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நீ அனுப்பிய உன் வீட்டுப் பூச்செடியின் படங்களை நாலு நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோடோடெண்ட்ரான் என்ற பெயர் என் வாய்க்குள் வரவே ஒரு நாள் ஆனது. நம் வெயிலுக்கு அது ஒரு வாரம் தாங்காது, நான் தொட்டுப் பார்த்ததும் இல்லை, ஆனாலும் கட்டையைப் பார்த்தால் தெரிகிறது, முப்பது வருஷமாக யாரும் கத்தரி வைக்காத செடி. கீழே எல்லாம் வெறும் கட்டை, மேலே மட்டும் இலை, உன் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதாக நீ சொன்னாயே, அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, அவர் சொன்னபடியே செய். இப்போது தொடாதே, கிளை நுனியில் குண்டாக இருப்பதெல்லாம் வரப்போகிற பூ, பூத்து முடிந்த கையோடு வெட்டு. ஒரேயடியாக மொட்டையடிக்காதே. இருக்கிற கிளையில் ரொம்பக் கிழடானதாகப் பார்த்து மூன்றில் ஒரு பங்கை முழங்கால் உயரத்துக்கு வெட்டு, அடுத்த வருஷம் இன்னொரு பங்கு, மூன்றாம் வருஷம் மீதி. பட்டையைத் தடவிப் பார், சின்னச் சின்னப் புள்ளியாகத் துருத்திக்கொண்டு இருக்கும், துளிர் அங்கேயிருந்துதான் வரும், அதற்குச் சற்று மேலே ரம்பத்தை வை. ஒட்டுக்கட்டின செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே போகாதே. வேர் மேலாகவே ஓடும் என்கிறாரே, அதனால் அடியில் கொத்தாமல் காய்ந்த இலையைப் போட்டு மூடிவை, சுண்ணாம்பு பக்கத்திலேயே வரக்கூடாது. பார்க்க ஒரு வருஷம் அசிங்கமாக இருக்கும், அதற்குப் பயந்து மேலே மேலே நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தால் செடி தேறாது.

உனக்கு மூன்று வருஷம் சொல்கிற நான், இங்கே முதலாளி ராஜபாண்டியன் பங்களாவில் காகிதப்பூ வேலியை மூன்றே நாளில் முழங்காலுக்கு இறக்கினேன். செடிக்காகச் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன், வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். தாயில்பட்டிப் பக்கம் இருக்கிற அவன் பட்டாசு யூனிட்டில் உன் அம்மா பதினோரு வருஷம் வேலை பார்த்தாள், நான் பன்னிரண்டு வருஷமாக அவன் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரையில், உச்சி வெயிலில் வெடிமருந்து கலக்கக் கூடாது என்று தெரிந்தும், லாரி நிற்கிறது லோடு போயாக வேண்டும் என்று அவனே நேரில் நின்று கலக்கச் சொன்னான். அம்மா தண்ணீர் எடுக்க வாசலுக்கு வெளியே வந்த நேரத்தில் அறை வெடித்தது. உள்ளே இருந்த பாண்டிலட்சுமியும் இன்னொரு பிள்ளையும் போய்விட்டார்கள். அம்மாவுக்கு ஒரு காது போனது, கழுத்து வெந்தது. அவள் ஆஸ்பத்திரியில் வாய் திறக்க முடியாமல் கிடந்தபோது, அவள் மேலேயே பழியைப் போட்டு, சண்முகத்தாய்தான் மருந்துத் தகரத்தைத் தரையில் இழுத்தாள், அந்த உரசலில்தான் பற்றியது என்று ராஜபாண்டியன் விசாரணையில் சொல்லிவிட்டான். நம் காலனி அதை நம்பியது. அவள் வீடு திரும்பிக் குழாயடிக்குப் போனபோது பெண்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். பாண்டிலட்சுமியின் அம்மா பஞ்சம்மாள், ஒரே தட்டில் சாப்பிட்டவள், இவளைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தது நான்தான்.

அதற்குப் பிறகும் நான் அவன் தோட்டத்துக்குப் போனேன் என்று நீ இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. உனக்கு ரோசம் இல்லையா அப்பா என்று கேட்டாய். ரோசம் இருந்ததால்தான் போனேன் கீர்த்தி. வேலையை விட்டிருந்தால் அவன் வாசலை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. உள்ளே இருந்தால் என்றைக்காவது ஒரு பிடி கிடைக்கும் என்று நினைத்தேன். தினமும் காலையில் அவன் காருக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, கை கட்டி நின்று, ஏலே சங்கையா என்று அவன் கூப்பிடும்போதெல்லாம் உன் அம்மாவின் கழுத்துத் தழும்பை நினைத்துக்கொள்வேன்.

பிடி கிடைத்தது போன வருஷம் ஐப்பசி மழையில். பங்களாவுக்குப் பின்னால் சந்துப் பக்கமாக ஒரு காகிதப்பூ வேலி உண்டே, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, முள்ளும் கொடியுமாக நாய்கூட நுழைய முடியாதது, அதை மட்டும் தொடக் கூடாது என்பது அவன் உத்தரவு. மழை நின்றதும் பார்த்தால் ஒரு ஓரத்தில் மட்டும் இலை விளிம்பெல்லாம் கருகிக் கிடந்தது. அது பூச்சி இல்லை, வேருக்கு ஏதோ இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது. முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். தகரக் கொட்டகை. கம்பி வலை வழியாகப் பார்த்தால் உள்ளே கெமிக்கல் மூட்டை, லேபிள் ஒட்டாத பட்டாசுப் பெட்டி. அங்கேயிருந்து இருபது எட்டு வைத்தால் சமையல்கட்டு. வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற சந்து.

நான் கிளையைப் பழையபடி இழுத்து விட்டுவிட்டு வெளியே வந்தேன். அப்போது கொட்டகையில் பாதிகூட இல்லை. அன்றைக்குச் சொன்னால் அதை ஒரே ராத்திரியில் எடுத்துவிடுவான், என்னையும் விரட்டிவிடுவான், ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகும். அடுத்த தீபாவளி சீசனுக்கு நிரம்பட்டும், எடுத்து ஒளிக்க முடியாத அளவுக்கு நிரம்பட்டும் என்று காத்திருந்தேன். மறைப்புக் கலையாமல் இருக்க அந்த வேலிக்குக் கூடுதலாகத் தண்ணீர்கூட விட்டேன்.

இந்தப் புரட்டாசியில் அவன் ஆர்டர் விஷயமாக வடக்கே போயிருந்தான். அந்த வாரம் சமையல்கட்டில் பாம்பு வந்துவிட்டது. முதலாளியம்மா நடுங்கிப் போய், பின்னாடி கிடக்கிற புதரையெல்லாம் வெட்டித் தள்ளு என்று என்னிடம் சொன்னார். முழுவதுமா அம்மா என்று கேட்டேன். முழுவதும்தான் என்றார். அவருக்கு அந்தக் கொட்டகையில் இருப்பது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. நீங்களும் சமையல்காரம்மாவும் மூன்று நாள் உங்கள் அண்ணன் வீட்டில் இருங்கள், பாம்பு கலைந்து ஓடும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மெஷின் ரம்பம் வாடகைக்கு எடுக்கலாம் என்றார் டிரைவர், வேண்டவே வேண்டாம் என்றேன், ஒரு பொறி போதும். பொழுது விடியும் முன்பே தரையை நனைத்துவிட்டு, அரிவாளும் கை ரம்பமுமாக இறங்குவேன், வெயில் ஏறியதும் நிறுத்திவிடுவேன். முதல் நாள் காய்ந்த கொடியை உருவினேன். இரண்டாம் நாள் மேல் பாதி. மூன்றாம் நாள் காலையில் பெரிய கட்டைகளை முழங்கால் உயரத்தில், மழைநீர் தங்காதபடி சாய்வாக வெட்டினேன். பழிக்காக வெட்டினாலும் கவாத்து கவாத்துதான், அதில் நான் குறை வைக்கவில்லை. முள் அள்ள டிராக்டர் வர வேண்டும் என்று சந்துப் பக்கத்துக் கேட்டை அகலத் திறந்து வைத்தேன்.

நான் யாருக்கும் போன் போடவில்லை. எட்டரை மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்மார்கள் நின்று பார்த்தார்கள். கம்பி வலைக்குள் கூரை வரைக்கும் பெட்டி. ஒரு ஆட்டோக்காரர் படம் பிடித்தார். பதினொரு மணிக்குப் போலீசும் தீயணைப்பு வண்டியும் வந்து, மத்தியானம் தாசில்தாரும் வந்து சீல் வைத்தார்கள். நான் முள்ளை டிராக்டரில் ஏற்றிவிட்டுக் கை கழுவி வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் வடக்கேயிருந்து திரும்பிய கையோடு ராஜபாண்டியன் நம் வீட்டுக்கே வந்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன். என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டான், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. அந்தக் கொட்டகை தோட்டத்துச் சாமான் வைக்கிற இடம், மூட்டையெல்லாம் உரம் என்று நினைத்து நான்தான் வாங்கி அடுக்கினேன், பெட்டி யாரோ ஒரு வியாபாரி வைத்துவிட்டுப் போனது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சின்ன வழக்கோடு போகும், என்னை அவன் கைவிட மாட்டானாம். நான் முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் குழாயடிக்கு வாங்க, அந்த வெடி யாரால் நடந்தது என்று எங்கள் பெண்கள் முன்னால் சொல்லுங்க, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். வேறு வழி இல்லாதவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வந்தான். இருபது இருபத்தைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள், பஞ்சம்மாளும் நின்றாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சண்முகத்தாய் மேல தப்பு இல்ல. வெயில் நேரத்துல கலக்கச் சொன்னது நாந்தான்" என்றான். குழாய்க்கு அடியில் இருந்த குடம் நிரம்பி வழிந்தது. பஞ்சம்மாள்தான் கேட்டாள், "இதச் சொல்ல ஒமக்கு ரெண்டு வருசமா வேணும்?" அவன் திரும்பிக் காருக்குப் போனான்.

மறுநாள் காலையில் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனேன். அவன் வக்கீலோடு உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். கொட்டகைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, சாவி அவரிடம்தான் இருக்கும், வேலியை வெட்டக் கூடாது என்று உத்தரவு போட்டவரும் அவர்தான், சித்திரையில் மருந்து கலக்கச் சொன்னது யார் என்று நேற்று ஊர் முன்னால் சொன்னவரும் அவர்தான் என்று ஒன்று விடாமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். சொல்லும்போது எழுதிக்கொண்டவரைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவன் வாய் மெல்லத் திறந்து அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் சாகும் வரைக்கும் வைத்துக்கொள்வேன். லைசென்ஸ் நின்றது, தீபாவளிக்கு அவன் உள்ளே இருந்தான், பழைய வழக்கையும் திரும்ப எடுக்கிறார்கள். சோறு போட்ட வீட்டுக்குத் துரோகம் செய்தேன் என்று சொல்லியனுப்பினான். ஆமாம் என்று சொல்லியனுப்பினேன்.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அன்று ராத்திரி அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நான் போய்க் கேட்டதற்கு, "அந்தாளு வாயிலிருந்து வந்தாத்தான் நான் நல்லவளா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?" என்றாள். மூன்றாம் நாள் பஞ்சம்மாள் வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, மன்னிப்பு அது இது என்று ஒன்றும் சொல்லாமல், அன்றைக்குத் தன் மகள் கடைசியாக என்ன பேசினாள் என்று மட்டும் கேட்டாள். இரண்டு வருஷமாக அதை அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தலைக்கு வைத்த கனகாம்பரம் வாடிவிட்டது, சாயங்காலம் கம்பெனி வேனில் திரும்பும்போது வேறு வாங்க வேண்டும் என்றாளாம். இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள், நான் வெளியே நின்றேன். இப்போது அம்மாவே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள்.

இனி அவளுக்குத் தெரியக் கூடாதது. கொட்டகை விஷயம் எப்போதிலிருந்து தெரியும் என்று அம்மா கேட்டாள். வெட்டின அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். போன வாரம் அந்தச் சந்து வழியாக வந்தபோது ஒரு பெண், பள்ளிக்கூடப் பிள்ளையின் தாய், என்னை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டாள், "ஒங்களாலதான்யா எங்க பிள்ளைக தப்பிச்சது" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னதும் கும்பிட்டது. நான் வேகமாக வந்துவிட்டேன். ஒரு வருஷம் கீர்த்தி. ஒரு வருஷம் தினமும் காலையும் மாலையும் அந்தப் பிள்ளைகள் அந்த மூட்டைகளை ஒட்டிப் போனார்கள், நான் இந்தப் பக்கம் நின்று வேலிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்பது என் புண்ணியம் இல்லை.

திரும்ப அப்படி ஒரு நாள் வந்தால் உடனே சொல்லிவிடுவாயா அப்பா என்று நீ கேட்பாய். சொல்லிவிடுவேன் என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன், மேலே பார், அடித்த இடம் தெரியும். உன்னிடம் பொய் எழுத வரவில்லை. காத்திருப்பேன்.

நைட் டூட்டி முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். தையில் அம்மா அங்கே வர டிக்கெட் போடுவதாகச் சொன்னாயே, அதற்கு முன்னால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு, மறந்துவிடாதே. உங்கள் இருவருக்கும் குறையில்லாத உடம்பும், யாருக்கும் அஞ்ச வேண்டாத வேலையும் என்றைக்கும் இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் நினைக்கும் அப்பா,
ச. சங்கையா.